குடற்புழுவின் முட்டையைத் தேடிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் இளநிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செய்முறை வகுப்பில் ஊசலின் ஐம்பது அலைவுகளை எண்ணச் சொன்னால், இருபதிலேயே முக்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவான். பிற்பகல் வகுப்பில் தலை கவிழ்ந்துவிடும். 'சோம்பேறி' என்று அவனைக் கடிந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன்.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அவன் மயங்கி விழுந்தான். மருத்துவர் அவன் கீழிமையை விலக்கிப் பார்த்தார், காகிதம்போல் வெளுத்திருந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவனுக்கு 6 கிராம்தான் இருந்தது. வயலில் வெறுங்காலுடன் வேலை செய்கிறவன் என்பதைக் கேட்டறிந்த மருத்துவர், மலப் பரிசோதனை செய்துவரச் சொன்னார். அவன் வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டு, பிறகு கொடுத்தான். 'முட்டை எதுவும் காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தது. மருத்துவர் விடவில்லை. 'உப்பு நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்' என்று எழுதி, வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே கொக்கிப்புழுவின் முட்டைகள் ஏராளமாகத் தென்பட்டன.

ஒரே மாணவன், ஒரே வாரம், இரண்டு விடைகள்! தேடிய முறை மாறியது, விடையும் மாறியது. நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கற்பிக்கும் ஒப்படர்த்திதான் அந்த மாற்றத்தைச் செய்தது என்று அறிந்தபோது, இந்தப் பரிசோதனைகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

புழுவை விட்டு முட்டையைத் தேடுவது ஏன்?

நம் குடலில் வாழும் புழுக்களுள் முக்கியமானவை உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி எனப்படும் நூற்புழு ஆகியவை. இவை குடலை விட்டு எளிதில் வெளியே வருவதில்லை. ஆனால் அவற்றின் முட்டைகள் வந்தாக வேண்டும். இல்லையேல் அவற்றின் குலம் அழிந்துவிடும். உருளைப்புழுவின் பெண் ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகள் இடும். கொக்கிப்புழு சில ஆயிரம் முட்டைகளாவது இடும். ஆகவே உள்ளே மறைந்திருக்கும் புழுவுக்கு வெளியே வரும் முட்டையே சாட்சி.

ஆனால் இந்தச் சாட்சி மிகச் சிறியது. கொக்கிப்புழு முட்டையின் நீளம் சுமார் 60 மைக்ரான். அகலம் 40 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பே அநேகமாக இந்த அளவுதான். எனவே உருப்பெருக்கி இல்லாமல் இந்தக் கதை தொடங்கியிருக்கவே முடியாது.

ஹாலந்து நாட்டின் லீவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த சிறு வில்லையைக் கொண்டு, 1681இல் தமது வயிற்றுப்போக்கின் மலத்தை ஆராய்ந்தார். அதில் நீந்தித் திரிந்த நுண்ணுயிர்களைக் கண்டு எழுதிவைத்தார். அவை இன்று ஜியார்டியா எனப்படும் ஓரணு உயிரிகளாக இருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். மலத்தை உருப்பெருக்கியில் பார்க்கலாம் என்று அவர் காட்டிய வழி, நோயறியும் முறையாக மாறுவதற்கு மேலும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

சுரங்கத்தில் தொடங்கிய சோதனை

1838இல் இத்தாலியின் மிலான் நகரில் டுபினி என்ற மருத்துவர், இறந்துபோன ஓர் உழவர் குடிப் பெண்ணின் உடலை அறுத்து ஆய்ந்தபோது, குடலில் ஒரு புதுவகைப் புழுவைக் கண்டார். 1843இல் அதை விரிவாக விளக்கிப் பெயரிட்டார். அதுவே கொக்கிப்புழு. ஆனால் நோயாளி இறந்த பிறகு நோயைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்?

அந்த நிலையை 1878இல் பவியா நகரில் மூவர் மாற்றினர். 24 வயதே ஆகியிருந்த கிராசி என்பவரும், கொராடோ பரோனா, எர்னெஸ்டோ பரோனா ஆகிய இருவரும், உயிருடன் இருக்கும் நோயாளியின் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டையைக் கண்டே நோயை உறுதி செய்யலாம் என்று காட்டினர்.

இதற்கு ஒரு பெரும் சோதனை உடனே வந்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் இரயில் சுரங்கத்தை அமைக்கும் பணி 1872இல் தொடங்கியிருந்தது. உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுதி; கழிப்பிட வசதி இல்லை. தொழிலாளர்கள் வெளுத்து, மூச்சு வாங்கி, ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தனர். காற்று கெட்டதால் வந்த நோய் என்று பலரும் எண்ணினர். டூரின் நகரப் பேராசிரியர் பெரொன்சிட்டோ 1880இல் இத்தொழிலாளர்களை ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் கொக்கிப்புழுவே என்று நிறுவினார். சுரங்கக் காற்றின்மேல் சுமத்தியிருந்த பழி, உருப்பெருக்கியின்கீழ் நீங்கியது.

புழு உடலுக்குள் எப்படிச் செல்கிறது என்பதற்கும் இதே பரிசோதனை விடை தந்தது. கெய்ரோவில் பணியாற்றிய லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் கையில், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களுக்குப் பின் தமது மலத்தையே சோதித்த அவர், அதில் கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். இளம்புழு தோலைத் துளைத்தே உள்ளே புகுகிறது என்று அவர் 1898இல் அறிவித்தார். வெறுங்காலுக்கும் இரத்தசோகைக்கும் உள்ள உறவு இவ்வாறு வெளிப்பட்டது.

'சோம்பல்' என்ற பழி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை உழவர்களைப் பிறர் சோம்பேறிகள் என்று இகழ்ந்துவந்தனர். ஸ்டைல்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1902இல் அங்கே அமெரிக்கக் கொக்கிப்புழு என்ற தனி இனத்தை விவரித்து, அது எங்கும் பரவியிருப்பதைக் கூறியபோது, நாளேடுகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் சூட்டின. 1909இல் ராக்ஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் கொடையளித்து ஓர் ஆணையத்தை ஏற்படுத்தினார். ஊர் ஊராக உருப்பெருக்கிகள் சென்றன. மக்களிடம் சிறு தகரப் பெட்டிகள் கொடுத்து மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள். சோதித்த நாட்டுப்புறப் பிள்ளைகளுள் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது.

இதே இயக்கம் 1916இல் இலங்கையின் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்று தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைத்த நம்மவர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோருக்கும் இப்புழு இருந்தது தெரியவந்தது. பின்னாளில் இலங்கைக்குப் புறப்படுவோருக்கு மண்டபம் முகாமிலேயே கொக்கிப்புழு மருந்து கொடுக்கப்பட்டது.

ஓர் ஐரோப்பியக் கொக்கிப்புழு நாளொன்றுக்குச் சுமார் 0.15 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. அமெரிக்கக் கொக்கிப்புழு அதில் ஐந்தில் ஒரு பங்கை வீணாக்கும். முதல் வகைப் புழுக்கள் 100 இருந்தால் மாதத்துக்கு 450 மில்லிலிட்டர் ஆகும். நாம் ஒரு முறை இரத்ததானம் செய்வது 350 மில்லிலிட்டர்தான். மாதந்தோறும் அதற்கும் மேலாக இழக்கும் ஒருவனைச் சோம்பேறி என்பது எவ்வளவு பெரிய அநீதி!

மிதக்கும் முட்டைகள்

இக்காலத்தில் பயன்பட்ட முறை மிக எளியது. தீக்குச்சி முனையளவு மலத்தை உப்பு கலந்த நீர்த்துளியில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். தகட்டை அச்சிட்ட தாளின்மேல் வைத்தால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதே தடிப்புக்கு அளவுகோல். 1950 அளவில் பீவர் என்ற அமெரிக்க அறிஞர், கண்ணை நம்புவதை விட்டு, ஒளிமின்கலம் பொருத்திய ஒளிமானியால் தடிப்பை அளந்து இம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனாலும் குறை ஒன்று இருந்தது. தகட்டில் வைப்பது ஏறக்குறைய 2 மில்லிகிராம் மட்டுமே. முட்டைகள் குறைவாக இருந்தால் அவை இச்சிறு துளியில் அகப்படாமலே போகலாம்.

முட்டைகளை ஓரிடத்தில் திரட்ட வழி என்ன? நியூ ஆர்லியன்ஸ் நகரின் பாஸ் என்ற மருத்துவர், 1906இல் கால்சியம் குளோரைடு கரைசலில் முட்டைகளை மிதக்கச் செய்தார். 1918இல் கோஃபாய்டும் பார்பரும் சாதாரண உப்புக் கரைசலே போதும் என்று காட்டினர். 1921இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வில்லிஸ் இதை இன்னும் எளிதாக்கினார்: ஒரு சிறு குப்பியில் மலத்தைத் தெவிட்டிய உப்பு நீரில் கரைத்து, விளிம்புவரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துவிட வேண்டியதுதான். சிறிது நேரத்தில் முட்டைகள் மேலெழுந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இதன் இயற்பியலைப் பாருங்கள். தெவிட்டிய உப்பு நீரின் ஒப்படர்த்தி 1.20. கொக்கிப்புழு முட்டையின் ஒப்படர்த்தி சுமார் 1.06. நீரில் மூழ்கும் முட்டை உப்பு நீரில் மிதக்கிறது. உப்பிட்ட நீரில் கோழிமுட்டை மிதப்பதை நாம் பள்ளியில் செய்து பார்த்ததில்லையா, அதேதான். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? முட்டையை 50 மைக்ரான் விட்டமுள்ள கோளமாகக் கொண்டு, உப்பு நீரின் பாகுநிலை தூய நீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று வைத்து, ஸ்டோக்ஸ் விதியைப் பயன்படுத்தினால், மேலெழும் வேகம் விநாடிக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் வருகிறது. 5 சென்டிமீட்டர் உயரமுள்ள குப்பியின் அடியிலிருந்து மேலே வர எட்டு, ஒன்பது நிமிடங்கள். மிக நீண்ட நேரம் விட்டாலோ கெட்டியான உப்பு நீர் முட்டையிலிருந்து நீரை உறிஞ்சி அதைச் சுருக்கிவிடும். எனவே கடிகாரம் பார்த்தே இதைச் செய்ய வேண்டும்.

மிதக்க மறுப்பவை

எல்லா முட்டைகளும் இவ்வழிக்கு வருவதில்லை. கருவுறாத உருளைப்புழு முட்டை கனமானது. தட்டைப்புழுக்கள் பலவற்றின் முட்டைகள் மூடியுடையவை. உப்பு நீரில் மூடி திறந்து நீர் உட்புக, அவை மூழ்கிவிடும். இவற்றுக்கு எதிர்வழி வேண்டும்; அதாவது அடியில் படியவைக்க வேண்டும். ஜெர்மனியின் டெலிமான் 1908இல் ஈதரைப் பயன்படுத்தி இதைச் செய்தார். அமெரிக்க இராணுவ ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சி 1948இல் ஃபார்மலினும் ஈதரும் சேர்த்த முறையை வெளியிட்டார். மையவிலக்கியில் சுழற்றினால் ஈதர் கொழுப்பைக் கரைத்து மேலே நிற்கும். கழிவுப்பொருள் அதன்கீழ் அடைப்புபோல் திரளும். முட்டைகள் அடியில் படியும். ஈதர் எளிதில் தீப்பற்றுவதால், 1979 முதல் எத்தில் அசிட்டேட் அதன் இடத்தைப் பிடித்தது.

நூற்புழுவின் வழக்கம் வேறு. பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, தோலின்மேல் முட்டையிடும். மலத்தில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. 1941இல் கிரஹாம் என்பவர், ஒட்டும் நாடாவைக் காலையில் தோலில் அழுத்தி எடுத்து, அப்படியே கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்க்கும் எளிய முறையைக் கூறினார்.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவின் முட்டையோ குடலிலேயே பொரிந்துவிடும், வெளிவருவது இளம்புழு. ஜாவாவில் மண்ணிலுள்ள இளம்புழுக்களைப் பிரிக்க பெர்மான் 1917இல் அமைத்த புனல் இங்கே உதவியது. மெல்லிய துணியில் வைத்த மாதிரி, புனலில் உள்ள வெதுவெதுப்பான நீரைத் தொடும். இளம்புழுக்கள் நீருக்குள் நகர்ந்து, எதிர்நீச்சல் போட முடியாமல் புனலின் அடியில் சேரும்.

'உண்டா?' என்பதிலிருந்து 'எத்தனை?' என்பதற்கு

இரண்டு புழு உள்ளவனும் இருநூறு புழு உள்ளவனும் ஒன்றல்லர். மருந்து வேலை செய்ததா என்று அறியவும் எண்ணிக்கை வேண்டும். 1923இல் ஸ்டோல் இதற்கு அழகான வழி சொன்னார். 4 கிராம் மலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் 60 மில்லிலிட்டராக்கி, கண்ணாடி மணிகள் இட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். அதில் 0.15 மில்லிலிட்டர் எடுத்தால், அதில் நூறில் ஒரு கிராம் இருக்கும். எண்ணிய முட்டைகளை 100ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்குரிய எண்ணிக்கை கிடைத்துவிடும். இதே ஸ்டோல்தான் 1947இல் வெளியான கட்டுரையில், அன்றைய உலக மக்களில் 64 கோடிப் பேருக்கு உருளைப்புழுவும் 45 கோடிப் பேருக்குக் கொக்கிப்புழுவும் இருப்பதாகக் கணக்கிட்டு உலகைத் திடுக்கிட வைத்தவர்.

ஆனால் ஊர் முழுவதையும் சோதிக்க இன்னும் விரைவான முறை தேவைப்பட்டது. அது 1954இல் ஜப்பானில் பிறந்தது. கட்டோவும் மியூராவும் மலத்தைத் தடிப்பாகவே பரப்பி, கிளிசரினிலும் பச்சைச் சாயத்திலும் ஊறிய செல்லோஃபேன் தாளால் மூடினர். சிறிது நேரத்தில் கழிவுப்பொருள் கண்ணாடிபோல் தெளிய, முட்டைகள் மட்டும் தெரிந்தன.

இது எப்படி? வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளியை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காகித நார்களுக்கிடையே காற்று இருக்கும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் மிக வேறுபடுவதால் ஒளி சிதறுகிறது. காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்ததும் வேறுபாடு குறைந்து ஒளி ஊடுருவுகிறது. கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, உணவு நார்களின் எண்ணுக்கு அருகில் உள்ளது. இதுவே அந்த மாயம்.

1972இல் பிரேசிலில் காட்ஸும் அவருடைய துணைவர்களும் இதற்கு அளவைச் சேர்த்தனர். சல்லடையில் வடித்த மலத்தை அட்டையில் போட்ட ஒரு துளையில் நிரப்பி, அட்டையை எடுத்துவிட்டால், குறிப்பிட்ட அளவு மட்டும் தகட்டில் நிற்கும். இன்று வழக்கிலுள்ள அச்சில் அது 41.7 மில்லிகிராம். முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்க வேண்டும். 100 கொக்கிப்புழு முட்டைகள் இருந்தால் கிராமுக்கு 2,400. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது நடுத்தரத் தொற்று. தராசு வேண்டாம், மையவிலக்கி வேண்டாம். 'கட்டோ-காட்ஸ்' என்று இருவர் பெயரையும் தாங்கிய இம்முறைதான் இன்றும் உலகெங்கும் கள ஆய்வுகளின் அளவுகோல். ஆனால் கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. கிளிசரினில் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் தெளிந்து மறைந்துவிடும். தகட்டை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போய்த் தாமதமாகத் திரும்பினால், நோயாளிக்கு நோய் இல்லாமல் போய்விடும்!

பள்ளிப் பிள்ளைகளின் தீப்பெட்டி

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஜப்பானில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உருளைப்புழு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் மாதிரியை எடுத்துவந்து ஆசிரியரிடம் கொடுத்தனர். ஆண்டுதோறும் சோதனை, உடனே மருந்து, மீண்டும் சோதனை என்று தொடர்ந்ததில், ஒரு தலைமுறைக்குள் புழு அநேகமாக ஒழிந்தது. பள்ளிகளில் கட்டாயமாக இருந்த நூற்புழுச் சோதனையும் தேவையற்றதாகி, 2015ஆம் கல்வியாண்டுடன் கைவிடப்பட்டது.

தென் கொரியாவின் கதை துயரத்தில் தொடங்குகிறது. 1963இல் ஜியோன்ஜு நகரில், வயிற்றுவலியால் துடித்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அறுவை செய்தபோது, குடலிலிருந்து 1,063 உருளைப்புழுக்கள் எடுக்கப்பட்டன. அவள் பிழைக்கவில்லை. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே ஒட்டுண்ணி ஒழிப்புக்கு ஒரு சங்கம் எழுந்தது. 1966இல் சட்டம் வந்தது. 1969 முதல் 1995 வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை சோதனை நடந்தது. 1971இல் நூற்றுக்கு 84.3 பேரிடம் ஏதேனும் ஒரு புழுவின் முட்டை காணப்பட்டது. 1997இல் அது 2.4 ஆகக் குறைந்தது. வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை நாடு முழுவதும் கூச்சமின்றி எடுத்துவந்ததன் பயன் இது.

இன்றைய நிலை

புழுக்கள் குறையக் குறைய அவற்றைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது என்பது இன்றைய சிக்கல். கிராமுக்கு 100 முட்டைகள் மட்டுமே உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2 மில்லிகிராம் தகட்டில் சராசரியாக 0.2 முட்டை வரும். கதிரியக்கத் துகள்களை எண்ணும்போது நாங்கள் பயன்படுத்தும் பாய்சான் விதிப்படி, ஒரு முட்டையும் அகப்படாமல் போவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 82. 41.7 மில்லிகிராம் தகட்டிலோ அது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. உண்மையில் முட்டைகள் சீராகப் பரவாமல் திரள்களாக இருப்பதால், தவறும் வாய்ப்பு இன்னும் கூடும். அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்கிறார்கள்.

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு, பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. நல்ல பணி. ஆனால் 'புழு போய்விட்டது, இனி நிறுத்தலாம்' என்று எப்போது சொல்வது? முட்டையைத் தவறவிடும் முறையை நம்பி நிறுத்தினால், எஞ்சிய புழுக்கள் சில ஆண்டுகளில் மீண்டும் ஊரைப் பிடிக்கும். வேலூர் வட்டாரத்திலும் சவ்வாது மலையிலும், பெனின், மலாவி நாடுகளிலும் 2017 முதல் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், கட்டோ-காட்ஸ் முறையோடு, புழுவின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறையும் பயன்பட்டது இதனால்தான். அது நுட்பமானது, செலவும் மிகுதி.

மறுபுறம், 2013இல் டான்சானியாவில் சிலர் கைப்பேசியின் கேமராமேல் 3 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோளம் ஒன்றை ஒட்டி, அதையே உருப்பெருக்கியாக்கிப் பார்த்தனர். உருளைப்புழு முட்டைகள் பெரும்பாலும் தெரிந்தன. கொக்கிப்புழு முட்டைகள் மிகச் சிலவே தெரிந்தன. லீவன்ஹூக்கின் சிறு வில்லை முந்நூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்திருக்கிறது. இன்னும் கூர்மையாக வேண்டும்.

எங்கள் மாணவன் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு சில மாதங்களில் தேறினான். செருப்பணியத் தொடங்கினான். அடுத்த ஆண்டு ஊசலின் ஐம்பது அலைவுகளையும் நின்றபடியே எண்ணினான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தபடி, 'எனக்கே தெரியாதே சார்' என்றான்.

வகுப்பில் ஒரு பிள்ளை துவண்டு கிடந்தால், இப்போது நான் முதலில் அதன் கண்ணிமையைப் பார்க்கிறேன். 'காணப்படவில்லை' என்ற அறிக்கை வந்தால், எவ்வளவு எடுத்து, எந்த முறையில் தேடினார்கள் என்று கேட்கிறேன். வாசகர்களும் அப்படியே கேட்கலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.